விலை உயர்ந்த ஃபவுண்டேஷனைச் சோதித்து வாங்குவது எப்படி: கொங்கு நாட்டுச் சருமங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை வெயிலில் ஈரோட்டுப் பெண்ணின் முகத்தில் வழிந்து இறங்கும் அதே ஃபவுண்டேஷன் (முகத்தின் நிறத்தைச் சீராக்கும் பூச்சு), ஆடிக் காற்றில் காங்கேயத்துப் பெண்ணின் கன்னத்தில் கோடு கோடாக வெடித்து நிற்கும். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே புட்டியாக இருக்கலாம். பொருளில் குறை இருக்காது, பெண்களின் மீதும் குறை இருக்காது. அந்தச் சருமத்துக்கு, அந்த ஊர்க் காற்றுக்கு, அந்தத் தண்ணீருக்கு அது பொருந்துமா என்று யாரும் முன்கூட்டியே பார்த்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

உயர்தர ஃபவுண்டேஷன் பெரும்பாலும் 30 மி.லி. புட்டியில் வருகிறது. விலை மூவாயிரம் ரூபாயில் தொடங்கி ஆறாயிரத்தைத் தாண்டியும் போகிறது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண் தன் கல்யாணத்துக்கென்று பணம் சேர்த்து இதை வாங்குகிறாள். அவளுக்கு அது சின்னத் தொகை அல்ல. மணப்பெண் அலங்காரத் தொழிலில் இருப்பதால் இப்படி வாங்கி, இரண்டு முறை போட்டுவிட்டு, அலமாரியில் கிடக்கும் புட்டிகளை நிறையப் பார்க்கிறேன். அந்த வீணடிப்பைத் தடுக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

கூடுதல் விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். எல்லா ஃபவுண்டேஷனிலும் நிறம் தருபவை ஏறத்தாழ ஒரே நிறமிகள்தாம்: மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகள், வெண்மைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு. விலை ஏறும்போது பெரும்பாலும் நிறமிகளின் மேல்பூச்சு, முகத்தில் மெல்லிய படலமாகப் பிடித்து நிற்கும் தன்மை, கையில் எடுத்தால் தெரியும் மென்மை, ஷேடுகளின் (நிற வகைகளின்) எண்ணிக்கை ஆகியவை மேம்படுகின்றன. ஆனால் அது உங்கள் முகத்தில் எப்படி நிற்கும் என்பதற்கு எந்த விலையும் உத்தரவாதம் தராது. லண்டன் குளிரில் எடுத்த வீடியோவும் சென்னையின் கடற்காற்றில் எழுதிய விமர்சனமும் நமக்குப் பாதி அளவே பொருந்தும். சென்னையில் வேர்வை காயாமல் முகத்திலேயே தங்கும். இங்கே மாசி, பங்குனியில் பகல் காற்றில் ஈரம் குறைந்து, வேர்வை உடனே காய்ந்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளையே சுழற்றுகிறது. முகத்தில் உள்ள ஈரத்தை அது விட்டுவைக்குமா?

படி 1: முகத்தை அதன் இயல்புக்கு விடுங்கள்

கடைக்குப் போவதற்கு மூன்று, நான்கு நாட்களுக்கு முன்பே மஞ்சள் பூசிக் குளிப்பதை நிறுத்துங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் தோலின் மேலடுக்கில் சாயமாகப் படியும். கண்ணாடியில் உங்களுக்கே தெரியாத அந்த மஞ்சள் சாயல், ஷேடு தேர்ந்தெடுக்கும்போது உங்களை ஒரு படி மஞ்சள் பக்கம் தள்ளிவிடும். சாயல் போனபிறகு அதே ஃபவுண்டேஷன் முகத்தில் தனியாகத் தெரியும். ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் நிறம் சாதாரணமானதல்ல என்பதை அதைப் பூசிக் குளிக்கும் வீடுகளில் உள்ளவர்கள் அறிவார்கள். அதை விட்டுவிடச் சொல்லவில்லை, சோதனை முடியும்வரை தள்ளி வைக்கச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றும் மறுநாளும் சோதனை வேண்டாம். தலையிலிருந்து நெற்றியோரமாக இறங்கும் எண்ணெய், வறண்ட சருமத்தைக்கூட எண்ணெய்ச் சருமமாகக் காட்டும். பார்லரில் பிளீச் செய்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இது பெரிய விஷயம். சிறுவாணித் தண்ணீரில் முகம் கழுவுகிற கோவைப் பெண்ணும், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவுகிற அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பெண்ணும் ஒரே சருமத்தோடு பிறந்திருந்தாலும், ஃபவுண்டேஷன் போட உட்காரும்போது ஒரே சருமத்தோடு உட்காருவதில்லை. இப்படிப்பட்ட கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாக மாறும். பக்கெட்டின் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் கன்னத்திலும் மெல்லியதாகப் படிகிறது. அதன்மேல் ஃபவுண்டேஷன் சீராகப் பரவாது. மூக்கோரத்திலும் வாயோரத்திலும் திட்டுத் திட்டாக நிற்கும். உப்புத் தண்ணீர் வீட்டுக்காரர்கள் சோப்புக்கு பதிலாக, சோப்புத்தன்மை இல்லாத மென்மையான ஃபேஸ் வாஷ் பயன்படுத்துங்கள். கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரால் முகத்தை அலசிவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகே, "எனக்கு எந்த ஃபவுண்டேஷனும் ஒட்டாது" என்று சொன்ன பலருக்கு ஒட்டியிருக்கிறது.

படி 2: உங்கள் சருமம் எந்த வகை?

காலையில் முகம் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு ஒரு டிஷ்யூ தாளை நான்காகக் கிழித்து, நெற்றி, மூக்கு, இரண்டு கன்னங்கள் என்று தனித்தனியாக அழுத்தி எடுங்கள். எல்லாத் தாளிலும் எண்ணெய் இருந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் இருந்தால் கலப்புச் சருமம். எதிலும் இல்லாமல், சிரித்தால் கன்னம் இழுத்துப் பிடிக்கிற உணர்வு இருந்தால் வறண்ட சருமம். எண்ணெயும் இல்லை, இறுக்கமும் இல்லை என்றால் இயல்பான சருமம். உங்களுக்கு வேலை பாதியாகக் குறைந்தது.

இன்னொரு வகை உண்டு. அதைத்தான் கடைகளில் அதிகம் தவறாகக் கணிக்கிறார்கள். மேலே எண்ணெய் மின்னும், ஆனால் உள்ளே தோல் இறுக்கமாக இருக்கும். எண்ணெய் சுரந்தாலும் தோலில் நீர்ச்சத்து இல்லாத நிலை இது. நாள் முழுவதும் ஏசி அறையில் இருந்துவிட்டு, மாலையில் காற்றில் வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் சரவணம்பட்டி மென்பொருள் நிறுவனப் பெண்களிடம் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். மின்னுவதைப் பார்த்துக் கடைக்காரர் மேட் (பளபளப்பில்லாத) ஃபவுண்டேஷனை எடுத்துக் கொடுப்பார். மதியத்துக்குள் அது பாளமாக விரிந்துவிடும். இவர்களுக்கு முதலில் வேண்டியது நல்ல மாய்ஸ்சரைசர். ஃபவுண்டேஷன் அதற்கு அடுத்துதான்.

இந்தச் சோதனையைக் கோடையில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும் செய்யுங்கள். ஒரே முகம் இரண்டு பதில் சொல்வது இங்கே இயல்பு.

படி 3: புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

பொருட்பட்டியலில் அதிக அளவில் உள்ளவை முதலில் வரும். முதல் ஐந்தாறு பெயர்களைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலாக்சேன் போன்றவை முன்னால் நின்றால் அது சிலிக்கோன் அடிப்படை. வழுக்கிக்கொண்டு பரவும், துளைகளை மறைக்கும். ஐசோடோடெகேன் முன்னால் இருந்தால் வேகமாகக் காய்ந்து, இடம் பெயராமல் நிற்கும் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். கிளிசரின், ஸ்குவாலேன் போன்றவை முன்னால் வந்தால் வறண்ட சருமத்தினர் அதை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். ஆல்கஹால் முன்வரிசையில் இருந்தால் வறண்ட, மென்மையான சருமத்தினர் தள்ளி நிற்பது நல்லது.

அடியில் பூசும் சன்ஸ்கிரீனோடு அது ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். ஒத்துப்போகாத இரண்டை ஒன்றன்மேல் ஒன்று தேய்த்தால் அழிரப்பர் துகள்போலச் சுருண்டு உதிரும். புறங்கையில் இரண்டையும் பூசித் தேய்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.

ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவெண்) இருக்கிறது என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பூசித்தான் அந்த எண்ணை அளக்கிறார்கள். அவ்வளவு ஃபவுண்டேஷனை யாரும் முகத்தில் அப்பிக்கொள்வதில்லை.

படி 4: கடையில் செய்ய வேண்டியது

கோவை மால்களில் உள்ள அழகுசாதனக் கடைகளுக்கு வார நாளில், காலை பதினொன்று, பன்னிரண்டு மணிவாக்கில் போங்கள். கூட்டம் இருக்காது, விற்பனைப் பெண்ணுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும், வெளியே நல்ல பகல் வெளிச்சம் இருக்கும். முகத்தில் எதுவும் இல்லாமல் போங்கள். சன்ஸ்கிரீன் மட்டும் இருக்கலாம்.

சோதித்துப் பார்க்க வைத்திருக்கும் டெஸ்டர் புட்டியின் வாயை நேராக முகத்தில் தொடவிடாதீர்கள். பம்பின் நுனியைத் துடைக்கச் சொல்லி, முதல் சொட்டைத் தாளில் விட்டுவிட்டு, அடுத்த சொட்டைப் புதுக் குச்சியில் வாங்குங்கள். பல மாதங்களாகத் திறந்தே இருக்கும் டெஸ்டர் கெட்டியாகி, நிறமும் மாறியிருக்கும். எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றாலோ வாடை வந்தாலோ வேறு கேளுங்கள்.

கையில் பூசிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மணிக்கட்டின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையெலும்பின் ஓரத்தில், கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்குமாறு, பக்கம் பக்கமாக மூன்று ஷேடுகளைக் கோடாக இழுங்கள்: உங்களுக்குப் பொருந்தும் என்று நினைப்பது, அதைவிட ஒரு படி அடர்ந்தது, அதே ஆழத்தில் வேறு சாயல் கொண்டது. எந்தக் கோடு மறைந்துபோகிறதோ அதுதான் உங்களுடையது.

அடுத்து, கடையை விட்டு வெளியே வாருங்கள். இது மிக முக்கியம். திருப்பூரில் துணிக்குச் சாயம் போடுவதற்கு முன் லேப் டிப் (சிறு துணியில் சாய மாதிரி) எடுத்து, லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்திலும் கடை விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொரு விளக்கில் வேறுபட்டுப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். முகத்துக்கும் அதே கவனம் வேண்டும். கடையின் மஞ்சள் விளக்கில் பொருந்திய ஷேடு, வெளியே வந்ததும் சாம்பலாகவோ ஆரஞ்சாகவோ தெரியலாம். நேர் வெயிலில் பார்க்காமல், நிழலான இடத்தில், திறந்த வானத்தைப் பார்த்து நின்று சிறு கண்ணாடியில் பாருங்கள்.

பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். ஆவியாகும் திரவங்கள் போனபின், முகத்தின் எண்ணெயும் நிறமியில் கலந்தபின், பல ஃபவுண்டேஷன்கள் ஒரு படி அடர்ந்துவிடும். எண்ணெய்ச் சருமத்தில் இது அதிகம். காப்பி குடித்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

அன்றே வாங்க வேண்டாம். சாம்பிள் கேளுங்கள். சிறிய சாஷே இருந்தால் கொடுப்பார்கள். இல்லையென்றால், கழுவிக் காயவைத்த சின்ன டப்பா ஒன்றைக் கையோடு கொண்டுபோய் இரண்டு பம்ப் ஊற்றித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறவருக்கு அந்த உரிமை இல்லையா?

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை

ஷேடு கேட்கும்போது கூட வரும் அத்தையோ சித்தியோ, "ஒரு ஷேடு வெளுப்பாவே கொடுங்க" என்று சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்துகிறது. மாநிறப் பெண்ணின் முகத்தில் இரண்டு படி வெளுத்த ஷேடு பூசினால், அவள் வெளுப்பாகத் தெரிய மாட்டாள், சாம்பல் பூத்ததுபோலத் தெரிவாள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கைகள் இன்னொரு நிறம் என்று கல்யாண ஆல்பம் முழுவதும் அது பதிந்துவிடும். அவளுடைய சொந்த நிறத்தில் உள்ள பொன் சாயலும் செம்மையும் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். கறுத்த பெண்ணுக்குச் சரியான ஷேடு போட்டால் முகம் உயிரோடு மின்னும். அதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அந்த அத்தையே மாறிவிடுவார்.

இன்று ஷேடுக்குப் பஞ்சமில்லை. 2017-ல் ஃபென்டி பியூட்டி ஒரே நாளில் 40 ஷேடுகளோடு வந்தது. அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் அடர்நிற வரிசைகளைக் கூட்டின. அடர்ந்த ஷேடு கடையில் இல்லை என்றால், "வரவழைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். இருப்பதில் பக்கத்தில் உள்ளதை எடுத்துக்கொள்ளும் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆழம் சரியாக இருந்தும் முகம் ஒட்டாமல் தெரிந்தால், குறை அண்டர்டோனில், அதாவது தோலின் அடிச்சாயலில் இருக்கும். மஞ்சளும் பொன்னும் கலந்த சாயல், செம்மைச் சாயல், இரண்டுக்கும் நடுவான சாயல், லேசாகப் பச்சையோடிய ஆலிவ் சாயல் என்று நம்மிடம் எல்லாமே உண்டு. நரம்பின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் முறை அடர்ந்த சருமத்தில் அத்தனை தெளிவாக இருக்காது. தாடையில் இழுத்த கோடுதான் நம்பகமான சாட்சி. எழுத்துக் குறியீடுகளிலும் ஏமாறக்கூடாது. எஸ்டீ லாடர் டபுள் வேரில் எண்ணுக்குப் பின் வரும் டபிள்யூ (W) பொன் சாயலையும், சி (C) செம்மையோடிய குளிர்ந்த சாயலையும், என் (N) நடுவானதையும் குறிக்கின்றன. மேக் நிறுவனத்தில் இது தலைகீழ்: என்சி (NC) வரிசைதான் பொன் சாயல், என்டபிள்யூ (NW) வரிசை இளஞ்சிவப்புச் சாயல். ஒரு நிறுவனத்தின் எழுத்தை வைத்து இன்னொரு நிறுவனத்தில் இணையத்தில் வாங்கியவர்கள் பலர் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

வாயைச் சுற்றியும் நெற்றியோரத்திலும் கறுத்து, கன்னம் வெளுத்திருப்பது நம்மிடம் சகஜம். அப்படிப்பட்டவர்கள் கன்னத்தை வைத்து ஷேடு தேர்ந்தெடுக்காமல், கழுத்தையும் நெஞ்சின் மேற்பகுதியையும் ஒட்டித் தேர்ந்தெடுங்கள்.

படி 5: ஒவ்வாமைச் சோதனை

காதுக்குப் பின்னும் முழங்கையின் உள்மடிப்பிலும் சிறிதளவு பூசுங்கள். ஒரு வாரம், காலையும் மாலையும், அதே இடத்தில். ஒரு நாள் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. எரிச்சல் உடனே தெரியும். உண்மையான தொடு ஒவ்வாமையோ இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பாகவும் சிவப்பாகவும் தலைகாட்டும். நறுமணப் பொருட்களும் சில பதப்படுத்திகளும்தான் பெரும்பாலும் காரணம். பரு வரும் முகமாக இருந்தால், தாடையின் ஒரு பக்கத்தில் இரண்டு வாரமாவது தொடர்ந்து பூசிப் பாருங்கள், துளை அடைபட்டுப் பரு வெளியே வர நாளாகும். 'நான்-கொமிடோஜெனிக்' (துளையை அடைக்காது) என்ற அச்செழுத்தை முழுக்க நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். சீழ் பிடித்த பரு இருக்கும்போது ஃபவுண்டேஷனைத் தேடாதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 6: அரை முகம், முழு நாள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். முகத்தின் இடப்பக்கம் ஒரு ஃபவுண்டேஷன், வலப்பக்கம் இன்னொன்று. அடியில் போடும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் இரண்டு பக்கமும் ஒன்றே. மாய்ஸ்சரைசர் போட்டுப் பத்து நிமிடம் கழித்து ஃபவுண்டேஷனைத் தொடுங்கள். ஒரே கருவியால் பூசுங்கள்: நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்ச் படலத்தை மெல்லியதாக்கும், பிரஷ் கனமாக்கும், விரலின் சூடு கிரீமை இளக்கிச் சருமத்தோடு ஒன்றவைக்கும். பக்கத்துக்கு ஒன்றாகக் கருவியை மாற்றினால் சோதனையே கெட்டுவிடும். பவுடர் போட வேண்டாம். பொருளின் சொந்த குணம் தெரிய வேண்டும். அளவும் குறைவாகவே இருக்கட்டும், முகத்துக்கு ஒரு பம்ப் தொடக்கத்துக்குப் போதும். டபுள் வேர் போன்ற சீக்கிரம் காயும் வகைகளை முகம் முழுவதும் புள்ளி வைத்துவிட்டுத் தேய்க்காமல், பகுதி பகுதியாகப் பூசிப் பரப்புங்கள்.

பூசியவுடன், அரை மணி நேரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன், மாலை வீடு திரும்பியதும் என்று நான்கு வேளை ஒரே ஜன்னலருகில் நின்று கைபேசியில் படம் எடுங்கள். முக அழகு காட்டும் ஃபில்டர் எதுவும் வேண்டாம். படத்தோடு ஒரு வரிக் குறிப்பும் எழுதுங்கள்: எங்கே மின்னுகிறது, எங்கே பிளக்கிறது, எங்கே காணாமல் போயிற்று.

அன்று வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். வழக்கமான நாளை வாழுங்கள். ஸ்கூட்டரில் போகிறவர் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டி, ஹெல்மெட் போட்டுத்தான் போக வேண்டும். துப்பட்டாவின் உட்பக்கம் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று இறங்கியதும் பாருங்கள். தறிக்குடோனிலோ பனியன் கம்பெனியிலோ வேலை செய்கிறவர், ஈரமாகவே நிற்கும் பளபளப்பு வகையில் பஞ்சுத் தூசி ஒட்டுகிறதா என்று கவனியுங்கள். அடுப்படியில் ஒரு மணி நேரம் நின்று சமைத்துப் பாருங்கள். வேர்க்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஒற்றிய தாளில் நிறம் எவ்வளவு வந்தது என்பதும் ஒரு குறிப்புதான்.

படி 7: சருமத்துக்கு ஏற்ப என்ன பார்ப்பது

எண்ணெய்ச் சருமத்தினர் எண்ணெய் எப்போது மின்னத் தொடங்குகிறது என்பதைவிட, மின்னிய பின் ஃபவுண்டேஷன் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பாருங்கள். கரூர், ஈரோடு பக்கத்துச் சித்திரை வெயிலில் மின்னாத முகம் இல்லை. ஒற்றி எடுத்ததும் சீராகத் தெரிந்தால் அது நல்ல ஃபவுண்டேஷன். மூக்கின் இருபுறமும் துளைகளுக்குள் இறங்கிப் புள்ளி புள்ளியாக நின்றால் அதைத் தள்ளிவிடுங்கள். மேட் வகையைத்தான் வாங்க வேண்டும் என்ற விதியும் இல்லை. மெல்லிய, லேசாக மின்னும் சாட்டின் வகையைப் பூசி, நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும் பவுடர் ஒற்றினால், கனமான மேட்டைவிட இயல்பாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். ஷேடு அடர்வதும் உங்களிடம்தான் அதிகம். மாலைப் படத்தைக் காலைப் படத்தோடு ஒப்பிட மறக்காதீர்கள்.

வறண்ட சருமத்தினருக்கு ஆடியும் மார்கழியும்தான் உண்மையான தேர்வு. கோடையில் பொருந்தியதை நம்பி ஆடியில் ஒரு கல்யாணத்துக்குப் போகாதீர்கள். கன்னத்தின் மேற்பகுதி, மூக்கின் ஓரம், புருவங்களுக்கு நடுவே ஆகிய இடங்களில் தோல் உரிவதுபோலத் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். வாய்விட்டுச் சிரித்து, பத்து விநாடி அப்படியே நிறுத்தி, பின் முகத்தைத் தளர்த்துங்கள். கோடு அப்படியே தங்கினால் அது உங்களுக்கு இறுக்கமான பொருள். அர்மானியின் லுமினஸ் சில்க் போன்ற மெல்லிய, ஒளி தங்கும் வகைகளை முதலில் முயலுங்கள். ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம் போடுகிறவர்களுக்குத் தோல் உரிவது அதனாலும் இருக்கலாம், ஃபவுண்டேஷனைப் பழிக்கும் முன் அதை யோசியுங்கள்.

கலப்புச் சருமத்தினர் இரண்டு புட்டி வாங்க வேண்டியதில்லை. கன்னத்துக்குப் பொருந்துவதை வாங்கி, மூக்கையும் நெற்றியையும் பவுடரால் சமாளியுங்கள். இதை மாற்றிச் செய்தால் கன்னம் வெடிக்கும்.

மங்கு உள்ளவர்கள் மங்குத் திட்டின் மேலேயே சோதியுங்கள். கனமாகப் பூசி மறைக்கப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறமாகும். திட்டின்மேல் பீச் அல்லது ஆரஞ்சுச் சாயல் கொண்ட கரெக்டரை (திட்டின் நிறத்தைச் சரிசெய்யும் பூச்சை) மிக மெல்லியதாக ஒற்றி, அதன்மேல் ஃபவுண்டேஷனை ஒரு முறை மட்டும் ஒற்றிப் பாருங்கள். மங்கைக் கூட்டுவதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. நிறமியான இரும்பு ஆக்சைடு அதை ஓரளவு தடுக்கும். ஆகையால் மங்கு உள்ளவர்கள் நிறமுள்ள சன்ஸ்கிரீனை அடியில் பூசுவது இரட்டை நன்மை.

நாற்பது, ஐம்பதைக் கடந்தவர்களுக்குக் கண்ணடியில் ஃபவுண்டேஷனே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. அந்த இடத்தை விட்டுவிட்டுப் பூசினால், முகம் சட்டென்று இளமையாகத் தெரியும்.

படி 8: மண்டபச் சோதனை

கல்யாணத்துக்கென்று வாங்குகிறவர்கள் இன்னும் ஒரு கட்டம் போக வேண்டும். நம் பக்கத்து முகூர்த்தம் பெரும்பாலும் அதிகாலை. முந்தின மாலை வரவேற்பு, இரவெல்லாம் சீர், விடிவதற்குள் மறுபடி அலங்காரம். தூக்கமில்லாத முகத்தில் ஃபவுண்டேஷன் எப்போதும்போல் உட்காராது. எனவே ஒரு நாள் சீக்கிரம், நான்கு மணிக்கு எழுந்து போட்டுப் பாருங்கள்.

இருட்டறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் அதிகமுள்ள பொருட்களும், வெள்ளை சிலிக்கா பவுடர்களும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியடித்து முகத்தை வெள்ளை முகமூடியாகக் காட்டும். கண்ணாடியில் இது தெரியவே தெரியாது. கழுத்தையும் சேர்த்து எடுத்தால்தான் வித்தியாசம் புரியும்.

பூமாலை உரசும் தாடையோரத்தை ஒரு வெள்ளைத் துணியால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். தாரை வார்க்கும்போதும் விடைபெறும்போதும் கண்ணீர் வரும், அது வரத்தான் வேண்டும்; கன்னத்தில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, தேய்க்காமல் காயவிட்டு, தடம் தெரிகிறதா என்று பாருங்கள். நெற்றியில் திருநீறும் குங்குமமும் வைக்கிற இடத்தில் ஃபவுண்டேஷன் ஈரமாக இருந்தால் அவை கரைந்து பரவும். அந்த இடத்தில் பவுடரை ஒற்றியபின் வைத்துப் பாருங்கள். மண்டபத்துத் தண்ணீர் உப்பாக இருக்கும் என்று தெரிந்தால், முகம் கழுவ இரண்டு பாட்டில் நல்ல தண்ணீரை அலங்காரப் பெட்டியோடு எடுத்துவையுங்கள்.

படி 9: வாங்குவதும் வைப்பதும்

இத்தனை சோதனையும் போலிப் புட்டியில் வீணாகிவிடக் கூடாது. பாதி விலைக்குக் கிடைக்கும் பெரிய பிராண்டைச் சந்தேகப்படுங்கள். இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, இறக்குமதியான பொருளில் பதிவுச் சான்றிதழ் எண்ணும், அந்தப் பதிவைப் பெற்றவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் அந்த ஒட்டு இல்லையென்றால் வாங்காதீர்கள். பெட்டியிலும் புட்டியின் அடியிலும் உள்ள தொகுதி எண் ஒன்றா என்று பாருங்கள். பில்லை வாங்கி வையுங்கள்.

திறந்த மூடியின் படத்தில் 12எம், 24எம் என்று எழுதியிருப்பது திறந்தபின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதற்கு. திறந்த தேதியைப் புட்டியின் அடியில் எழுதிவிடுங்கள். வெயிலில் நிற்கும் காரிலும் ஜன்னலோர மேசையிலும் புட்டியை வைக்காதீர்கள். ஓட்டு வீட்டிலும் தகரக் கூரை வீட்டிலும் கோடையில் மேலலமாரிதான் அதிகம் சூடாகும். கீழ்த்தட்டில், இருட்டான இடத்தில் வையுங்கள். எண்ணெய் பிரிந்து, குலுக்கியும் சேரவில்லை என்றாலோ வாடை மாறினாலோ, பாதிப் புட்டி மீதமிருந்தாலும் அதை முகத்தில் பூச வேண்டாம்.

சோதனைக் குறிப்புகளையும் நான்கு வேளைப் படங்களையும் ஷேடு பெயரோடு கைபேசியில் ஒரே இடத்தில் சேமித்து வையுங்கள். அடுத்த முறை கடையில் அதைக் காட்டினால், விற்பனைப் பெண்ணுக்கு உங்கள் முகத்தை முதலிலிருந்து கணிக்க வேண்டிய வேலை இருக்காது, உங்களுக்கும் இரண்டு ஷேடுகளை மட்டும் தாடையில் இழுத்துப் பார்த்தால் போதும்.